எச்.ஐ.வி செல்லுக்குள் நுழையும் கதை: நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

“எச்.ஐ.வி வெள்ளையணுக்களை அழிக்கிறது, அதனால் நோய் எதிர்ப்பு சக்தி குறைகிறது.” பள்ளிப் பாடத்திலிருந்து பேருந்து நிலையச் சுவர் விளம்பரம் வரை இந்த ஒரு வரிதான். பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு யோசித்தால் வரிசையாகத் தப்பான இடங்களுக்குப் போய்ச் சேர்வோம். சத்து லேகியம் சாப்பிட்டால் சரியாகும், சிடி4 (எச்.ஐ.வி குறிவைக்கும் வெள்ளையணு வகை) எண்ணிக்கை ஏறிவிட்டதால் மாத்திரையை நிறுத்தலாம், ரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்க உடல் செய்யும் புரதம்) இருப்பதால் உடம்பு சமாளித்துக்கொள்ளும் என்றெல்லாம் நன்கு படித்தவர்களே சொல்கிறார்கள். எல்லாம் அந்த ஒரு வரியின் வாரிசுகள்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்றுகளைக் கண்டுபிடித்தது 1986-இல். அன்றைக்கு இந்த வைரஸ் செல்லுக்குள் எப்படிப் போகிறது என்பதில் பாதிக் கதைதான் உலகத்துக்கே தெரியும். மீதியில் பெரும்பகுதி அதற்குப் பிறகு தெரிந்துவிட்டது. நம் பேச்சு மட்டும் 1986-லேயே நிற்கிறது.

சிடி4 இருந்தால் போதும் என்று நினைப்பது

பாடப் புத்தகப் படம் நினைவிருக்கும். செல்லின் மேல் சிடி4 என்ற ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வருவதைப் பிடிக்கும் புரதம் (இதை வைத்துத்தான் அந்தச் செல்லுக்கும் சிடி4 என்று பெயர்), வைரஸின் மேல் ஜிபி120 என்ற புரதம். ஒன்று பூட்டு, மற்றது சாவி. பொருந்தியதும் கதவு திறந்துவிடும். சிடி4தான் ஏற்பி என்பது 1984-லேயே தெரிந்துவிட்டது. 1986-இல் ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்து பார்த்தார்கள். மனிதனின் சிடி4 புரதத்தை எலியின் செல்களில் வரவழைத்து, அவற்றின் மேல் வைரஸை விட்டார்கள். வைரஸ் போய் ஒட்டிக்கொண்டது. ஆனால் உள்ளே போகவில்லை. அப்படியானால் மனித செல்லில் இன்னொன்று இருக்க வேண்டும். அது என்னவென்று தெரிய 10 ஆண்டுகள் ஆயின.

1995 இறுதியில் ராபர்ட் காலோவின் குழு, வீக்கம் ஏற்படும் இடத்துக்கு வெள்ளையணுக்களை வரவழைக்கும் சில சிறு புரதங்கள், அதாவது கீமோகைன்கள், எச்.ஐ.வியைத் தடுப்பதைக் காட்டியது. 1996-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் எட்வர்ட் பெர்ஜரின் ஆய்வகம் சிடி4-உடன் சேர்ந்து தேவைப்படும் அந்த இன்னொன்றை, முதல் இணை ஏற்பியைக் கண்டது. இன்று அதன் பெயர் சிஎக்ஸ்சிஆர்4. அடுத்த சில வாரங்களில் பல ஆய்வகங்கள் சிசிஆர்5-ஐ அறிவித்தன. இரண்டுமே கீமோகைன்களைப் பிடிப்பதற்காக வெள்ளையணுக்கள் வைத்திருக்கும் ஏற்பிகள். காலோ குழுவின் கீமோகைன்கள் ஏன் வைரஸைத் தடுத்தன என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவை போய் உட்காரும் இடமும் வைரஸ் தேடும் இடமும் ஒன்றே.

இனி நுழைவை மெதுவாகப் பார்ப்போம். வைரஸின் மேல்தோலில் இருக்கும் முள் ஒவ்வொன்றிலும் மூன்று ஜிபி120, அவற்றுக்கு அடியில் மூன்று ஜிபி41. ஜிபி120 முதலில் சிடி4-ஐப் பிடிக்கிறது. பிடித்ததும் அதன் வடிவமே மாறுகிறது. அதுவரை மறைந்திருந்த பகுதிகள், குறிப்பாக வி3 எனப்படும் வளையம், வெளியே வருகின்றன. இந்த வளையம்தான் சிசிஆர்5-ஐயோ சிஎக்ஸ்சிஆர்4-ஐயோ பிடிக்கிறது. அப்புறம்தான் ஜிபி41-இன் முறை. அது நீண்டு, தன் நுனியைச் செல்லின் சவ்வுக்குள் செருகுகிறது. செருகியபின் தன் மேலேயே மடங்குகிறது. மூன்று ஜிபி41-களும் சேர்ந்து ஆறு சுருள்கள் கொண்ட ஒரு கட்டாக இறுகுகின்றன. அந்த இறுக்கத்தில் வைரஸின் சவ்வும் செல்லின் சவ்வும் ஒன்றோடொன்று இழுபட்டு ஒட்டிக் கலக்கின்றன. உள்ளிருப்பது செல்லுக்குள் இறங்குகிறது.

இங்கே கதவு திறக்கப்படவே இல்லை, இரண்டு சவ்வுகள் ஒன்றாகிவிட்டன. அதுவும் படிப்படியாக, ஒவ்வொரு படியும் அடுத்ததற்கு வழிவிட்டு நடந்திருக்கிறது. பூட்டு-சாவி உவமையை நான் குறை சொல்வது இதனால்தான். அதில் படிகள் கிடையாது. மருந்துகளோ படிக்கு ஒன்றாக வந்திருக்கின்றன. ஜிபி41 மடங்குவதைத் தடுக்கும் என்ஃபுவிர்டைட் 2003-இல் வந்தது. சிசிஆர்5-இல் உட்கார்ந்துகொள்ளும் மராவிராக் 2007-இல். சிடி4-ஐப் பிடித்தபின் நடக்கும் மாற்றங்களைத் தடுக்கும் இபலிசுமாப் 2018-இல். ஜிபி120-இலேயே ஒட்டிக்கொள்ளும் ஃபோஸ்டெம்சவிர் 2020-இல். எச்.ஐ.விக்குக் கூட்டு மருந்து தரும் நம் ஊர் ஏ.ஆர்.டி மையங்களில் அன்றாடம் கொடுக்கப்படுபவை இவை அல்ல. அங்கே தரும் கூட்டு மருந்துகள் பெரும்பாலும் நுழைந்த பிறகு நடக்கும் வேலைகளைத் தடுப்பவை.

சிசிஆர்5 போனால் கதை முடிந்தது என்று நினைப்பது

முதல் தவறைத் திருத்திக்கொண்டவர்கள் அடுத்ததாக விழும் குழி இது. சிசிஆர்5 மரபணுவில் 32 டி.என்.ஏ எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு வகை உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது வந்தால் சிசிஆர்5 செல்லின் மேற்பரப்புக்கே வராது. வட ஐரோப்பியர்களில் சுமார் நூற்றில் ஒருவர் அப்படி. நம் பக்கத்தில் அது மிக மிக அரிது, “சிலருக்கு இயற்கையாகவே எச்.ஐ.வி ஒட்டாதாம்” என்ற செய்தியைப் படித்துவிட்டு இங்கே யாரும் தெம்பாக இருக்க வேண்டியதில்லை.

பெர்லினில் வாழ்ந்த அமெரிக்கர் திமோத்தி ரே பிரவுனுக்கு ரத்தப் புற்றுநோய். 2007-இலும் 2008-இலும் அவருக்குச் செய்த குருத்தணு மாற்றுச் சிகிச்சைக்கு இந்த மரபணு வகை கொண்ட ஒருவரின் அணுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எச்.ஐ.வி திரும்பவே இல்லை. 2020-இல் புற்றுநோய் திரும்பி அவர் இறந்தபோதும் உடலில் எச்.ஐ.வி இல்லை. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அதே ஜெர்மனியில் எஸ்ஸென் நகரில் இன்னொருவருக்கு அதே போன்ற சிகிச்சை நடந்தது. அவருக்கு வைரஸ் திரும்பிவிட்டது. திரும்பியது சிஎக்ஸ்சிஆர்4 வழியாக நுழையும் வகை. இந்தக் கதையைச் சொல்பவர்கள் குறைவு.

பொதுவாகத் தொற்றை ஆரம்பித்துவைப்பது சிசிஆர்5-ஐப் பயன்படுத்தும் வைரஸ். பல ஆண்டுகள் கழித்து சிலரிடம் சிஎக்ஸ்சிஆர்4-க்கும் பழகிய வகை தலைகாட்டும். இந்தியாவில் பரவலாக இருக்கும் சி துணை வகையில் இந்த மாற்றம் ஒப்பீட்டளவில் குறைவு. எப்படியிருந்தாலும், மராவிராக் கொடுக்கும் முன் நோயாளியின் வைரஸ் எந்த ஏற்பியைப் பயன்படுத்துகிறது என்று சோதித்தே ஆக வேண்டும்.

2018-இல் சீனாவில் ஹே ஜியான்குய் என்பவர் கருவிலேயே சிசிஆர்5 மரபணுவை வெட்டி இரட்டைக் குழந்தைகளைப் பிறக்கவைத்ததாக அறிவித்தார். நெறிமுறை பற்றி உலகமே பேசியது, அவரும் சிறைக்குப் போனார். உயிரியலும் ஒன்றும் சரியில்லை என்பது அந்த இரைச்சலில் அமுங்கிவிட்டது. அந்தக் குழந்தைகளிடம் ஏற்பட்ட மாற்றம் இயற்கையில் காணப்படும் 32 எழுத்து இழப்பு அல்ல. சிஎக்ஸ்சிஆர்4 வழி அப்படியே திறந்திருக்கிறது. சிசிஆர்5 இல்லாதவர்களுக்கு வெஸ்ட் நைல் வைரஸ் தொற்று கடுமையாவதும் முன்பே தெரிந்த விஷயம்.

உள்ளே போனதும் உடைந்து கொட்டிவிடும் என்பது

படங்களில் இன்னொரு வழக்கமான காட்சி: சவ்வைத் தாண்டியதும் வைரஸின் உட்கூடு உடைகிறது, ஆர்.என்.ஏ வெளியே வருகிறது, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற வைரஸின் நொதி அதை டி.என்.ஏ ஆக்குகிறது, அது மெல்ல நியூக்ளியஸுக்குள் போகிறது. நீண்ட காலம் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். 2020-ஐ ஒட்டி வந்த நுண்ணோக்கிப் படங்கள் வேறு கதை சொல்கின்றன. கேப்சிட் எனப்படும் அந்தக் கூம்பு வடிவ உட்கூடு முழுசாகவே நியூக்ளியஸ் துளைவரை போகிறது, துளை வழியாக உள்ளேயும் நுழைகிறது, அங்கே போய்த்தான் அவிழ்கிறது. டி.என்.ஏ ஆக்கும் வேலையில் பெரும்பகுதி கூட்டுக்குள்ளேயே நடக்கிறது.

இது ஏதோ ஆய்வகத்துக்காரர்களின் சச்சரவு என்று விட்டுவிட முடியாது. அன்னிய டி.என்.ஏவைக் கண்டால் அபாயக் குரல் கொடுக்கும் புரதங்கள் செல்லின் சைட்டோபிளாசத்தில் உண்டு. கூடு மூடியே இருந்தால் அவற்றின் கண்ணில் படாது. கூட்டின் உறுதியைக் குலைக்கிற மருந்தாக லெனகாபவிர் வந்தது இந்தப் புரிதலோடுதான். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2024-இல் வெளிவந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை.

வைரஸ்தான் எல்லா செல்களையும் கொல்கிறது என்பது

இதுதான் பெரிய தவறு. மற்றவை எல்லாம் இதைச் சுற்றித்தான்.

வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுகிறது, பெருகுகிறது, செல் வெடித்துச் சாகிறது, இப்படியே ஒவ்வொன்றாக சிடி4 செல்கள் தீர்ந்துபோகின்றன என்று நினைக்கிறோம். கணக்கு உதைக்கிறது. எந்த நேரத்திலும் ரத்தத்தில் உள்ள சிடி4 செல்களில் வைரஸை உற்பத்தி செய்துகொண்டிருப்பவை மிகச் சொற்பம். சாகும் செல்களோ அதைவிடப் பல மடங்கு. அப்படியானால் வைரஸ் பெருகாத செல்கள் ஏன் சாகின்றன?

ஒரு விடை 2014-இல் சான் பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் நிறுவனத்திலிருந்து, வார்னர் கிரீனின் குழுவிடமிருந்து வந்தது. மனிதத் தொண்டைச் சதை, மண்ணீரல் திசுக்களை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தார்கள். சாகும் சிடி4 செல்களில் 95 சதவீதத்துக்கும் மேல், வைரஸ் நுழைந்தும் பெருக முடியாமல் பாதியில் நின்றுபோனவை. அவை ஓய்வில் இருக்கும் செல்கள். டி.என்.ஏ கட்டத் தேவையான மூலப்பொருள் அவற்றில் குறைவு, எஸ்.ஏ.எம்.எச்.டி1 என்ற புரதம் அதைக் குறைத்தே வைத்திருக்கிறது. வைரஸ் பாதி டி.என்.ஏ செய்துவிட்டு மாட்டிக்கொள்கிறது. அந்தத் துண்டு டி.என்.ஏவை செல்லின் உணரிப் புரதம் கண்டுபிடித்து காஸ்பேஸ்-1 என்ற நொதியைத் தட்டி எழுப்புகிறது. செல் தன்னைத்தானே கொன்றுகொள்கிறது. அதுவும் அமைதியான சாவு இல்லை. வீங்கி, கிழிந்து, அழற்சிப் பொருள்களை வெளியே கொட்டிவிட்டுச் சாகிறது.

கொட்டிய அழற்சிப் பொருள்களால் புதிய சிடி4 செல்கள் அந்த இடத்துக்கு வரவழைக்கப்படுகின்றன. வந்தவற்றுக்கும் அதே கதி. வைரஸ் செய்தது நுழைந்தது மட்டும்தான். மிச்சத்தை நம் தற்காப்பே செய்து முடித்துவிட்டது. ஒன்று சொல்ல வேண்டும்: இது திசுவில் பார்த்த காட்சி. உயிரோடு இருப்பவரின் உடலில் இதோடு வேறு வழிகளும் சேர்ந்துகொள்கின்றன. வைரஸை உற்பத்தி செய்யும் செல்களும் சாகின்றன, ஒன்றிரண்டு நாள்தான் அவற்றின் ஆயுள். அவற்றை சிடி8 செல்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்களும் தேடிக் கொல்கின்றன.

வைரஸ் எப்போதும் ரத்தத்தில் தனியாக மிதந்துவந்து செல்லைப் பிடிக்கும் என்ற நினைப்பையும் இங்கேயே விட்டுவிடலாம். நிணநீர்க் கணுக்களில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். தொற்றுள்ள டி செல் (சிடி4 செல்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவை) பக்கத்துச் செல்லோடு ஒட்டி, அந்த இடத்திலேயே வைரஸைக் கைமாற்றிவிடும். கிரீனின் குழு பின்னர் காட்டியபடி, மேலே சொன்ன சாவும் பெரும்பாலும் இப்படி நேரடியாகக் கைமாறும்போதுதான் நடக்கிறது.

சரி, குடலுக்கு வருவோம். உடலில் உள்ள டி செல்களில் பெரும்பங்கு குடல் சுவரை ஒட்டி இருக்கிறது. அங்குள்ளவை பெரும்பாலும் விழிப்பில் இருப்பவை, சிசிஆர்5 நிறைய உள்ளவை. வைரஸுக்கு இதைவிட வசதி கிடையாது. தொற்றிய சில வாரங்களிலேயே குடலின் சிடி4 செல்கள் பெருமளவு அழிந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் ஆளுக்கு லேசான காய்ச்சல் வந்து போயிருக்கலாம், அதுவும் இல்லாமலும் இருக்கலாம். காவல் குறைந்ததும் குடல் சுவர் பழுதாகி, பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்துக்குள் கசிகின்றன. டேனியல் டூயெக் குழு 2006-இல் இதைக் காட்டியது. கசிவு நிற்காததால் எதிர்ப்பு மண்டலம் வருடக்கணக்கில் முறுக்கேறியே இருக்கிறது. முறுக்கேறிய சிடி4 செல்தான் வைரஸ் பெருக ஏற்ற செல். அது பெருகப் பெருக முறுக்கும் கூடும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மேங்கபி குரங்குகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அவற்றுக்கு எஸ்.ஐ.வி, அதாவது எச்.ஐ.வியை ஒத்த குரங்கு வைரஸ் உண்டு; எச்.ஐ.வியின் இரண்டாம் வகையான எச்.ஐ.வி-2-இன் மூதாதை அதுதான். ரத்தத்தில் வைரஸ் அளவு மனித நோயாளிக்குச் சற்றும் குறையாது. ஆனாலும் அவற்றுக்கு எய்ட்ஸ் வருவதில்லை. தொற்றிய புதிதில் அவற்றின் எதிர்ப்பு மண்டலமும் கொதிக்கிறது; சில வாரங்களில் தணிந்துவிடுகிறது. அதே வகை வைரஸ் ஆசியாவின் மெக்காக் குரங்குகளுக்குப் போனால் கொதிப்பு தணிவதில்லை, எய்ட்ஸ் வருகிறது. இதை வைத்து “குரங்குகளுக்கு எஸ்.ஐ.வி ஒன்றும் செய்யாது” என்று பொதுவாகச் சொல்லிவிடுவதும் தவறு. எச்.ஐ.வி-1-இன் மூதாதையைச் சுமக்கும் சிம்பன்சிகள் அதனால் நோயுற்று இறப்பதை டான்சானியாவின் கோம்பே காட்டில் பதிவு செய்திருக்கிறார்கள்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் சரியாகும் என்பது

இப்போது லேகியத்துக்கு வரலாம். எதிர்ப்பு மண்டலம் இளைத்துப்போனதுதான் நோய் என்றால் அதற்கு ஊட்டம் கொடுப்பது நியாயமாகத்தான் தெரியும். இதை லேகியக் கடைக்காரர்கள் மட்டும் நினைக்கவில்லை. சிடி4 செல்களைப் பெருக்கும் இன்டர்லூக்கின்-2 என்ற உடலின் சொந்தப் புரதத்தையே ஊசியாகப் போட்டு இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன; ஒன்றில் மட்டும் 4,000 பேருக்கு மேல். இரு பிரிவினரும் கூட்டு மருந்து எடுத்தார்கள், ஒரு பாதிக்குக் கூடுதலாக இந்த ஊசி. 2009-இல் முடிவு வந்தது. ஊசி போட்டவர்களின் சிடி4 எண்ணிக்கை உண்மையிலேயே ஏறியிருந்தது. நோயும் சாவும் கொஞ்சமும் குறையவில்லை.

அவ்வளவு குறிபார்த்துச் செய்த மருந்துக்கே இந்தக் கதி என்றால், எந்தச் செல்லை எப்படிக் கூட்டும் என்று யாருமே சொல்ல முடியாத பொடிகளைப் பற்றி நான் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல சாப்பாடு வேண்டும், அதில் சந்தேகமில்லை. எடை குறைந்தவர் தேறுவதற்கு அது பெரிய துணை. வைரஸ் பெருகுவதை அது நிறுத்தாது. நிறுத்துவது கூட்டு மருந்து. மாத்திரையோடு வேறு எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். எச்.ஐ.வி மருந்தான டோலுடெகிராவிர் மாத்திரையைக் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளோடு வெறும் வயிற்றில் ஒரே நேரத்தில் விழுங்கினால் மருந்து உடலில் சேர்வது குறையும்.

ஆன்டிபாடி இருந்தால் பாதுகாப்பு என்பது

அம்மை, மஞ்சள் காமாலை தடுப்பூசிகளில் பழகிய நினைப்பு. எச்.ஐ.விக்கு எதிராகவும் உடல் ஏராளமாக ஆன்டிபாடி செய்கிறது. சில வாரங்களில் அவை வந்துவிடுகின்றன, பரிசோதனையே அவற்றைத்தான் தேடுகிறது. வைரஸை அவை தடுக்காததற்குக் காரணம் நுழைவுக் கதையிலேயே இருக்கிறது. ஜிபி120-இன் எடையில் சுமார் பாதி சர்க்கரைச் சங்கிலிகள்; அவை நம் உடலின் சர்க்கரைகளே என்பதால் எதிர்ப்பு மண்டலம் கண்டுகொள்வதில்லை. மாற முடியாத முக்கியப் பகுதிகள் சிடி4-ஐத் தொட்ட பிறகே, சவ்வுக்கு மிக நெருக்கத்தில், கொஞ்ச நேரம் மட்டும் வெளிப்படும். வெளியே தெரியும் பகுதிகளோ மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வைரஸின் மேல் சராசரியாக 14 அளவுக்குத்தான் முட்கள், ஃப்ளூ வைரஸுக்கு அவை நூற்றுக்கணக்கில். ஆன்டிபாடியின் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் இரண்டு முட்களைப் பிடிப்பது இதனாலேயே கடினம். பலவகை வைரஸ்களையும் தடுக்கும் சக்தியுள்ள ஆன்டிபாடிகள் சிலருக்கு மட்டும், அதுவும் சில ஆண்டுகள் கழித்தே உருவாகின்றன. அதற்குள் அவரவர் உடலில் இருக்கும் வைரஸ் அவற்றைத் தாண்டிப் போயிருக்கும்.

இந்தத் தவறு குடும்பங்களில் வேறு உருவில் வந்து நிற்கும். எச்.ஐ.வி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு ஆன்டிபாடி பரிசோதனை செய்து, பாசிட்டிவ் என்று வந்ததும் வீடே இடிந்துபோகிறது. அது தாயின் ஆன்டிபாடியாக இருக்கலாம். நஞ்சுக்கொடி வழியாக வந்தது 18 மாதம் வரைகூடத் தங்கும். அந்த வயதுக்குள் வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பரிசோதனைதான் பதில் சொல்லும். நம் அரசு மையங்களில் 6 வார வயதிலேயே குதிகாலில் குத்தி எடுத்த சொட்டு ரத்தத்தைத் தாளில் உலர்த்தி அனுப்புகிறார்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. தொற்றுக்கு வாய்ப்பான சம்பவம் நடந்த மறுவாரமே போய் ஆன்டிபாடி பரிசோதனை செய்து, நெகட்டிவ் என்றதும் நிம்மதியாகிவிடுவது. ஆன்டிபாடி உருவாக அவகாசம் வேண்டும், 3 மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வது அதனால்தான். ஆன்டிபாடியோடு பி24 என்ற வைரஸ் புரதத்தையும் தேடும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை கொஞ்சம் முன்னதாகவே காட்டிக்கொடுக்கும்.

சிடி4 எண்ணிக்கையை மதிப்பெண்ணாகப் பார்ப்பது

“எனக்கு 640, அவருக்கு 410.” ஏ.ஆர்.டி மைய வாசலில் கேட்கும் பேச்சு. உடலின் மொத்த நிணநீர் செல்களில் ரத்தத்தில் சுற்றுபவை நூற்றுக்கு இரண்டு அளவுதான். மீதி கணுக்களிலும் குடலிலும் மண்ணீரலிலும். ரத்த எண்ணிக்கை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒரு காய்ச்சல் வந்தாலே இறங்கும். 200-க்குக் கீழே போனால் ஆபத்தான தொற்றுகள் வரும் என்று எச்சரிக்க அது மிகப் பயனுள்ளது. 410-க்கும் 450-க்கும் உள்ள வித்தியாசத்தில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. மருந்து வேலை செய்கிறதா என்பதை, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று அளக்கும் வைரல் லோடு பரிசோதனைதான் சொல்லும். இன்னொன்று, காசநோய் இந்த 200 கணக்கைப் பார்த்து வருவதில்லை. எண்ணிக்கை நன்றாக இருப்பவருக்கும் வரும்.

எண்ணிக்கை ஏறியதும் மருந்துக்கு இடைவெளி விடலாமா என்று ஒருகாலத்தில் மருத்துவர்களே யோசித்தார்கள். ஸ்மார்ட் என்ற சோதனையில் 5,472 பேர். ஒரு பாதி தொடர்ந்து மருந்து எடுத்தது. மறு பாதி சிடி4 350-க்கு மேல் இருக்கும்போது நிறுத்தி, 250-க்குக் கீழே இறங்கியதும் மீண்டும் தொடங்கியது. நிறுத்தியவர்களிடம் சாவு அதிகமானதால் 2006 ஜனவரியில் அந்த முறையையே கைவிட்டார்கள். செத்தவர்கள் எல்லோரும் எய்ட்ஸ் தொற்றுகளால் சாகவில்லை. இதயம், சிறுநீரகம், கல்லீரல் தொல்லைகளும் நிறுத்தியவர்களிடம் கூடியிருந்தன. வைரஸ் திரும்பினால் அந்த முறுக்கும் திரும்புகிறது, ரத்தக்குழாய்க்கு அது ஆகாது. தொற்று தெரிந்தவுடனேயே, சிடி4 எவ்வளவு இருந்தாலும், மருந்தைத் தொடங்கச் சொல்லும் கொள்கை 2015-இல் உலக சுகாதார நிறுவனத்திலும் 2017-இல் இந்தியாவிலும் வந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட பாடங்கள் இருக்கின்றன.

மருந்து தொடங்கிய சில வாரங்களில் சிலருக்கு உடம்பு மோசமாகும். அடங்கிக் கிடந்த காசநோய் கட்டி வீங்கும், காய்ச்சல் அடிக்கும். “மாத்திரை ஒத்துக்கல” என்று நிறுத்திவிடுகிறார்கள். பல நேரங்களில் நடந்திருப்பது இதுதான்: செயலிழந்து கிடந்த எதிர்ப்பு மண்டலம் எழுந்து, ஏற்கெனவே உள்ளே இருந்த கிருமியை இப்போதுதான் தாக்க ஆரம்பித்திருக்கிறது. இதற்கு வைத்தியம் உண்டு. உடனே மையத்துக்குப் போக வேண்டும், கூட்டு மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

‘கண்டறிய முடியாத அளவு’ என்பதை இரண்டு விதமாகவும் தப்பாகப் புரிந்துகொள்வது

மருந்தால் ரத்தத்தில் வைரஸ் பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் குறைவதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். சிலருக்கு அது குணமாகிவிட்டதாகத் தோன்றும். தொற்றிய சிடி4 செல்களில் சில, வைரஸின் டி.என்.ஏவைத் தம் குரோமோசோமில் வைத்துக்கொண்டே நினைவு செல்களாக ஓய்வுக்குப் போய்விடுகின்றன. வைரஸ் புரதம் எதையும் அவை செய்வதில்லை; அதனால் மருந்துக்கும் சிக்காது, சிடி8 செல்லின் கண்ணிலும் படாது. பல்லாண்டு நினைவில் வைத்திருப்பதுதான் நினைவு செல்லின் வேலை, வைரஸ் அந்த ஆயுளில் பங்கு போட்டுக்கொள்கிறது. ராபர்ட் சிலிசியானோ குழுவின் கணக்கில் இந்த இருப்பு பாதியாகக் குறையவே சுமார் 44 மாதம் ஆகும். மருந்தால் மட்டும் தீர்க்க 70 ஆண்டுக்கு மேல். அமெரிக்காவின் மிசிசிப்பியில் பிறந்து 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கப்பட்ட ஒரு குழந்தைக்கு, மருந்து நின்று 2 ஆண்டுக்கு மேல் வைரஸ் தென்படவில்லை. குணமாகிவிட்டது என்றே செய்திகள் வந்தன. 2014-இல் வைரஸ் திரும்பியது. பெரும்பாலானோருக்கு மருந்து நின்ற சில வாரங்களிலேயே திரும்பிவிடும்.

வேறு சிலர் எதிர்த் திசையில் தவறுகிறார்கள். வைரஸ் உள்ளே ஒளிந்திருக்கிறது என்பதால் துணைக்குத் தொற்றும் என்று பயப்படுகிறார்கள். ஓய்வில் உள்ள செல்லுக்குள் கிடக்கும் டி.என்.ஏ உடலுறவில் தொற்றாது. தொற்ற முழு வைரஸ்கள் வேண்டும். சென்னையும் புனேயும் பங்கேற்ற எச்.பி.டி.என் 052 ஆய்வு 1,763 தம்பதிகளைப் பின்தொடர்ந்தது. உடனே மருந்து தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் அறிவித்தது. வைரல் லோடு அடங்கிய நிலையிலேயே இருந்த தம்பதிகளைப் பார்த்த பிந்தைய ஆய்வுகளில், துணையிடமிருந்து உடலுறவு வழியாக ஒரு தொற்றுகூட இல்லை. தாய்ப்பாலுக்கு இதே உறுதியைத் தருவதில்லை. அங்கே ஆபத்து மிகக் குறைந்தாலும் சுழி என்று சொல்லமாட்டார்கள்.

பூனைக்கும் கொசுவுக்கும் ஒரு வார்த்தை. பூனைகளுக்கு எஃப்.ஐ.வி என்று ஒரு வைரஸ் உண்டு, 1986-இல் கலிஃபோர்னியாவில் கண்டது. அது சிடி4-ஐத் தேடுவதே இல்லை; பூனையின் சிடி134 ஏற்பியைப் பிடித்து, பிறகு சிஎக்ஸ்சிஆர்4-க்குப் போகிறது. மனிதருக்கு அது தொற்றுவதில்லை. கொசுவின் செல்களில் எச்.ஐ.வி பிடிக்க ஏற்பியே இல்லை, வயிற்றுக்குள் போனது செரித்துவிடும்.

கடைசியாக, நேரம் சம்பந்தப்பட்ட தவறு. ஊசி குத்திவிட்ட செவிலியரோ, பாலியல் வன்முறைக்கு ஆளானவரோ, “முதலில் பரிசோதனை செய்து பார்க்கலாம், அப்புறம் மருந்து” என்று காத்திருக்கக் கூடாது. நுழைந்த இடத்தில் சில செல்களில் மட்டும் இருக்கும் வைரஸ், கணுக்களுக்குப் போய்ச் சேர்ந்து குரோமோசோமில் நிலைத்துவிடுவதற்குள் மருந்து ரத்தத்தில் இருந்தாக வேண்டும். முதல் மணி நேரங்களில் தொடங்குவதே நல்லது, 72 மணி நேரம் கடைசி வரம்பு. 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போகலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். பரிசோதனை முடிவு பின்னால் வந்து சேரட்டும், முதல் மாத்திரை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.